வாசகர் கேள்வி–பதில்: டிசம்பரிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

கேள்வி: என் மகளுக்கு 12 வயது. மூன்று ஆண்டுகளாக இன்லைன் (சக்கரங்கள் ஒரே வரிசையில் அமைந்த) வேக ஸ்கேட்டிங் பழகுகிறாள். வாரம் ஆறு நாள் காலைப் பயிற்சி, மாதம் ஒரு போட்டி என்று ஓடிக்கொண்டே இருக்கிறோம். கோப்பைகள் சேர்கின்றன, ஆனால் ஓராண்டாக 500 மீட்டர் நேரம் குறையவே இல்லை. மாநிலத் தேர்வில் வென்று தேசியப் போட்டிக்குப் போக வேண்டும் என்பது அவள் ஆசை. பயிற்சியை இன்னும் கூட்டலாமா?
— வாசகி ஒருவர், புதுப்பாளையம், கடலூர்

பதில்: பயிற்சியைக் கூட்ட வேண்டாம், அம்மா, முதலில் போட்டிகளைக் குறையுங்கள். மாதம் ஒரு போட்டி என்றால், அதற்கு முந்தைய சில நாட்கள் உடலைத் தளர்த்துவதிலும் பிந்தைய சில நாட்கள் களைப்புத் தீர்வதிலும் கழிந்துவிடுகின்றன. பட்ட பாடு உடலில் ஊறிப் பலன் தருவதற்குத் தேவையான தொடர்ச்சியான ஆறு, எட்டு வாரங்கள் உங்கள் மகளுக்கு ஆண்டு முழுவதும் ஒருமுறைகூட வாய்ப்பதில்லை. ஆண்டுக்கு நான்கைந்து போட்டிகள் போதும். அவற்றிலும் வெல்வதற்காகப் போவது எது, கற்றுக்கொள்வதற்காகப் போவது எது என்பதைப் பயிற்சியாளரும் நீங்களும் மகளும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அலமாரியில் கோப்பைக்கு இடம் தேடுவது பெற்றோருக்குப் பெருமைதான். கடிகாரத்துக்கு அது தெரியாது.

இன்னொரு காரணமும் இருக்கலாம். பெண் குழந்தைகள் மிக வேகமாக உயரும் வயது ஏறத்தாழ இதுதான். கால் நீளும்போது பழகிய சமநிலை கலைகிறது. நேற்றுவரை சரளமாகப் போட்ட கிராஸ் ஓவர் (வளைவில் ஒரு காலை மறு காலுக்குக் குறுக்கே எடுத்து வைப்பது) இன்று தடுமாறுகிறது. சுவரில் மாதம் ஒரு கோடு போட்டு உயரத்தைக் குறித்து வாருங்கள். கோடுகள் வேகமாக ஏறும் மாதங்களில் நேரம் குறையாததைத் தோல்வியாக எண்ணாமல், குனிந்த நிலையையும் பக்கவாட்டில் தள்ளும் முறையையும் திருத்துவதற்கு அந்தக் காலத்தைக் கொடுங்கள்.

இனி நாட்காட்டிக்கு வருவோம். தேசியப் போட்டி பெரும்பாலும் டிசம்பரில் நடக்கிறது; தேர்வுப் போட்டிகள் அதற்கு முந்தைய மாதங்களில் வருகின்றன. நம் கடற்கரைப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு தனிச் சங்கடம் உண்டு. ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்பது நம் ஊர்க் கணக்கு. மற்ற ஊர்களில் பிள்ளைகள் காய்ந்த தளத்தில் வேகத்தைத் தீட்டிக்கொண்டிருக்கும் அதே வாரங்களில் நம் பிள்ளைகள் ஈரச் சிமெண்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அந்த வாரத்துக்கென்று யாராவது திட்டம் வைத்திருந்தால் அது தண்ணீரோடு போயிருக்கும். ஆகவே கடினமான உழைப்பு அனைத்தும் செப்டம்பர் முடிவுக்குள் முடிந்திருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்.

முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் இரண்டு, மூன்று வாரங்கள் ஸ்கேட்டைத் தொடவே வேண்டாம். நீச்சலோ சைக்கிளோ போகட்டும். அக்கினி நட்சத்திர நாட்களில் பொழுது விடியும்போதே தொடங்கி, வெயில் ஏறுமுன் முடித்துவிடுங்கள். அப்போது உத்திதான் பாடம், வேகம் அல்ல. ஜூன், ஜூலையில் நீண்ட சுற்றுகள். ஆகஸ்ட், செப்டம்பரில் புறப்பாடு, குறுகிய வேக ஓட்டம், கூட்டத்துக்குள் இடித்துக்கொள்ளாமல் இடம் பிடிப்பது. அக்டோபருக்குப் பிறகு காய்ந்த நாள் ஒவ்வொன்றும் லாபம் என்று கொள்ளுங்கள்.

மழை நாளும் வீண் இல்லை. வீட்டுக் கூடத்தில் முழங்கால் மடித்து, முதுகைத் தாழ்த்தி, இரண்டு நிமிடம் அசையாமல் நிற்கச் சொல்லுங்கள். எது பலவீனம் என்பது தொடை நடுங்கும்போது தெரியும். முடிவுக் கோட்டைத் தொடும்போது ஒரு காலை முன்னே நீட்டும் அசைவையும் கூடத்திலேயே பழகலாம். 2023 அக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியின் ஆடவர் 3000 மீட்டர் ஸ்கேட்டிங் தொடரோட்டத்தில் கொரிய வீரர் கோட்டுக்கு முன்பே கைகளை உயர்த்திக் கொண்டாட, பக்கத்தில் வந்த தைவான் வீரர் காலை நீட்டி 0.01 விநாடியில் தங்கத்தைப் பறித்துக்கொண்டார். அதே ஓட்டத்தில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் சென்னையின் ஆனந்த்குமார் வேல்குமார் இருந்தார். 2025-இல் 1000 மீட்டரில் உலகச் சாம்பியன் ஆனவர் அவரே.

வாரத்தில் ஆறு காலை என்பதும் அதிகம். விளையாட்டுப் பயிற்சி வாரத்துக்கு வயதின் எண்ணிக்கையைத் தாண்டிய மணி நேரம் ஆகக் கூடாது என்பது விளையாட்டு மருத்துவர்கள் சொல்லும் எளிய அளவு. உங்கள் மகளுக்கு 12 மணி நேரம், அதுவும் பள்ளி விளையாட்டைச் சேர்த்து. இந்த வயதில் ஒன்பது மணி நேரமாவது உறங்க வேண்டும். காலை ஐந்து மணிக்கு எழும் பெண் இரவு எட்டு மணிக்குப் படுக்க வேண்டும். டியூஷன் முடிந்து ஒன்பதரைக்கு வீடு திரும்பும் பெண்ணாக இருந்தால் அது எப்படி முடியும்? நான்கு காலைகள் போதும். ஒரு நாள் முழு ஓய்வு.

நேரம் எடுப்பதையும் வாரந்தோறும் செய்யாதீர்கள். ஆறு வாரத்துக்கு ஒருமுறை, அதே தளத்தில், காலை வேளையிலேயே எடுங்கள். பிற்பகலில் கடற்காற்று ஏறிவிட்டால் ஒரு பக்க நேர்ப்பாதையில் காற்று நெஞ்சைத் தள்ளும். அந்த நேரத்தைக் காலை நேரத்தோடு ஒப்பிட்டுக் கவலைப்படுவதில் பொருளில்லை. முக்கியப் போட்டிக்கு முந்தைய இரண்டு வாரங்களில் பயிற்சியின் அளவைப் பாதியாகக் குறைத்து, வேகத்தை மட்டும் அப்படியே வைத்திருங்கள்.

கேள்வி: பத்து வயது மகனுக்குப் பெரியவர்களைப் போல 110 மில்லிமீட்டர் சக்கரம் வாங்கிக் கொடுத்தால் வேகம் கூடுமா?
— வாசகர் ஒருவர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: கூடாது. பெரிய சக்கரம் வேகத்தைத் தக்கவைக்கும். ஆனால் எடையும் உயரமும் கூடுவதால் சிறு கணுக்கால் உள்பக்கம் சாயும், புறப்பாடும் மந்தமாகும். அந்தப் பணத்தில் காலுக்குச் சரியாகப் பொருந்தும் பூட் வாங்குங்கள். வளர்வான் என்று இரண்டு அளவு பெரிதாக வாங்கிப் பஞ்சு திணிக்க வேண்டாம். அவன் வயதுப் பிரிவில் எந்த அளவுச் சக்கரத்துக்கு அனுமதி உண்டு என்று போட்டி விதியைக் கேட்டுக்கொள்வதும் நல்லது. கடற்கரைச் சாலையில் பழகும் பிள்ளைகளுக்கு அதைவிட முக்கியம், சக்கரத்தின் நடுவில் இருந்து அதைச் சுழலவைக்கும் பேரிங். சக்கரத்தை விரலால் சுழற்றிக் காதருகே வைத்துப் பாருங்கள். கரகரவென்று கேட்டால் உள்ளே மணலும் உப்பும் சேர்ந்துவிட்டன. அந்தச் சத்தத்தோடு எந்தச் சக்கரமும் ஓடாது.

கேள்வி: எனக்கு 14 வயது. முழங்கால் சில்லுக்குக் கீழே எலும்பு சற்றுப் புடைத்து வலிக்கிறது. மூன்று வாரத்தில் தேர்வுப் போட்டி. வலியோடு பயிற்சி செய்யலாமா?
— மாணவர் ஒருவர், அரியாங்குப்பம்

பதில்: தம்பி, முதலில் அம்மா அப்பாவிடம் சொல்லி எலும்பு மருத்துவரைப் பாருங்கள். வேகமாக வளரும் வயதில், தொடைத் தசையின் தசைநாண் எலும்பை இழுக்கும் இடத்தில் இப்படி வலி வருவது உண்டு. பெரும்பாலும் வளர்ச்சி நின்றதும் அடங்கிவிடும். ஆனால் அது அதுதானா என்று தொட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் மருத்துவர். அதுவரை குதிப்பதையும் ஆழமாக முழங்கால் மடக்குவதையும் நிறுத்துங்கள்.

வலி ஒரு காலில் மட்டும்தானா என்றும் கவனியுங்கள். ஸ்கேட்டிங் தளத்தில் எப்போதும் இடப்பக்கமே திரும்புவதால் இரு கால்களுக்கும் ஒரே வேலை இருப்பதில்லை. பயிற்சியை மீண்டும் தொடங்கும்போது, சூடேற்றும் சுற்றுகளில் சிலவற்றை, தளம் காலியாக இருக்கும் நேரம் பார்த்து, வலப்பக்கம் திரும்பி ஓடுங்கள். தேர்வுக்குப் போவதா வேண்டாமா என்பதை வலியில்லாமல் ஒரு வாரம் ஓடிய பிறகு பயிற்சியாளரோடு பேசி முடிவு செய்யுங்கள். மாத்திரை போட்டு வலியை மறைத்துக்கொண்டு அவரிடம் “சரியாகிவிட்டது, மாஸ்டர்” என்று மட்டும் சொல்லாதீர்கள்.