அந்த 172-க்கு என்ன பதில் அனுப்பினீர்கள்?

கேள்வி: எனக்கு 36 வயது. பல் மருத்துவம் படித்துவிட்டு, பொதுச் சுகாதாரத்தில் முதுகலை முடித்தேன். டெல்லியில் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டுத் திட்டம் ஒன்றில் ஆலோசகராக இருக்கிறேன். 11 மாத ஒப்பந்தம், நான்காவது தடவையாக நீட்டித்திருக்கிறார்கள். மாவட்ட ரிப்போர்ட், ரிவ்யூ மீட்டிங் என்று ஞாயிற்றுக்கிழமையும் போய்விடுகிறது. கணவருக்கு மத்திய அரசு வேலை. மகனுக்கு ஏழு வயது. திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்தில் அம்மா தனியாக இருக்கிறார். அவரைப் பற்றிக் கவலை இல்லை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்து அக்கா மாதாமாதம் மாத்திரை கொடுத்து, பிரஷரும் பார்த்து எனக்கு வாட்ஸப்பில் அனுப்பிவிடுவார். போன மாதம்கூட 172/100 என்று அனுப்பியிருந்தார். இப்போது குருகிராமில் ஒரு தனியார் மருத்துவமனையில் நிர்வாக வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். பொதுச் சுகாதார நிர்வாகத்தில் எதிர்காலம் இருக்கிறதா? வேலையையும் வீட்டையும் எப்படிச் சமாளிப்பது?
- வாசகி, முனிர்கா, புது டெல்லி

பதில்: வேலையைப் பற்றி அப்புறம் பேசலாம். அந்த 172-க்கு என்ன பதில் அனுப்பினீர்கள்?

கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பதில் அனுப்பியதாக ஒரு வார்த்தை இல்லை. அடுத்த வரியில் குருகிராம் வந்துவிட்டது. 140/90-க்குக் கீழே இருந்தால்தான் பிரஷர் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்பதை நான் சொல்லியா நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்? உங்கள் பொறுப்பில் உள்ள ஒரு மாவட்டத்திலிருந்து இந்த எண் வந்திருந்தால் அன்றைக்கே போன் போட்டிருப்பீர்கள். டாக்டர் பார்த்தாரா, மாத்திரையைக் கூட்டினாரா என்று துளைத்திருப்பீர்கள். பெற்ற தாய்க்காக அதைக் கேட்க ஆளில்லாமல் போய்விட்டதே!

மக்களைத் தேடி மருத்துவம், கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய நல்ல திட்டம். வீட்டு வாசலுக்கே வந்து கையில் பட்டையைக் கட்டி பிரஷர் பார்க்கிறார்கள், மாத்திரை தருகிறார்கள். ஆனால் அந்த அக்காவுக்கு மருந்தின் அளவை மாற்ற அதிகாரம் கிடையாது. அதற்கு டாக்டர் பார்க்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அம்மாவை ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிப்போக ஒருவர் வேண்டும். அந்த அக்கா உங்களுக்கு எண்ணை அனுப்பியது அதற்காகத்தான். "என் மக டெல்லியில இதே வேலைதான் பாக்கா" என்று உங்கள் அம்மா அவரிடம் பெருமையாகச் சொல்லியிருப்பார். அதை நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை.

இன்னொன்று. தனியாக இருக்கிற அம்மாக்கள் ஒருவேளை சோறு வடித்து, மிச்சத்தில் தண்ணீர் ஊற்றிவைத்து, மறுநாள் ஊறுகாயோடும் மோர் மிளகாயோடும் முடித்துக்கொள்வார்கள். அந்த உப்புக் கணக்கு எந்த ரிப்போர்ட்டிலும் வராது. பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் தெரியும். பெற்றவரைப் பார்த்துக்கொள்வது பிள்ளைகளின் கடமை. அரசாங்கம் துணைக்கு வரும், மகளாக வராது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சரி, வேலை. எல்லா மாநிலங்களிலும் பொதுச் சுகாதார நிர்வாகத்துக்கென்று தனிப் பணிப்பிரிவு வேண்டும் என்று 2017 தேசிய சுகாதாரக் கொள்கை சொன்னது. 2022-இல் மத்திய அரசு வழிகாட்டுதலும் வெளியிட்டது. ஆனால் சுகாதாரம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. மாநிலங்கள் பணியிடங்களை உருவாக்கினால்தான் உங்களைப் போன்றவர்களுக்கு நிலையான வேலை. தமிழ்நாட்டில் 1939-லேயே பொதுச் சுகாதாரச் சட்டம் வந்துவிட்டது, தனி இயக்குநரகமும் இருக்கிறது. ஆனால் அங்கே சுகாதார அலுவலர் பதவிக்கு எம்.பி.பி.எஸ். வேண்டும், பல் மருத்துவருக்கு அந்த வழி இல்லை. தேசிய சுகாதார இயக்கத்தின் நிர்வாக வேலைகளும் பெரும்பாலும் ஒப்பந்தம்தான். ஆக, எங்கே போனாலும் கொஞ்ச காலத்துக்கு ஒப்பந்தத்தில்தான் இருக்க வேண்டும். அப்படியென்றால் அதை ஏன் அம்மாவிடமிருந்து இவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு செய்ய வேண்டும்? தமிழ்நாட்டில் மாவட்ட அளவில் வேலை தேடுங்கள். மாற்றல் கேட்க முடியுமா என்று கணவரிடம் பேசினீர்களா? கடிதத்தில் அதுவும் இல்லை.

குருகிராம் வேண்டாம் என்பேன். ஜனங்கள் ஆஸ்பத்திரிப் படுக்கைக்கு வராமல் பார்த்துக்கொள்ளக் கற்றவர் நீங்கள். படுக்கை நிரம்புகிறதா என்று பார்ப்பது வேறு தொழில். ஞாயிற்றுக்கிழமை ரிப்போர்ட்டை இந்த வாரத்தோடு நிறுத்துங்கள். திங்கட்கிழமை அனுப்பினால் எந்த மாவட்டமும் முழுகிப்போகாது.

இன்றைக்குச் செய்ய வேண்டியது இது. அந்த அக்காவுக்கு போன் போட்டு, கடைசி மூன்று மாத எண்களையும் கேளுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் யாரையாவது பிடித்து நாளைக்கே அம்மாவை டாக்டரிடம் அனுப்புங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கை கால் மரப்பு என்று அம்மா சொன்னால் நாளைவரை காத்திருக்க வேண்டாம், உடனே 108. போனிலேயே "இன்னொரு மாத்திரை போட்டுக்கோம்மா" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அப்புறம் ஒரு வாரம் லீவு எழுதிக் கொடுங்கள். நிஜாமுதீனிலிருந்து திருக்குறள் எக்ஸ்பிரஸ் திருநெல்வேலி வழியாகத்தான் போகிறது. வாரத்தில் இரண்டு நாள்தான், டிக்கெட்டை முதலில் பாருங்கள். பையனையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

ஊருக்குப் போய்வந்து மறுபடி எழுதுங்கள். முதல் வரியில் அம்மாவின் பிரஷர் எவ்வளவு என்று எழுதுங்கள்.