மின்கட்டண அட்டையும் பத்தாம் வகுப்புக் கணக்கும்: வாசகர் கேள்வி–பதில்

பள்ளிப் பாடத்தை வாழ்க்கையோடு இணைப்பது பற்றி ஆசிரியர்களும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே இடம்பெறுகின்றன.

கேள்வி: ஒவ்வொரு பயிற்சி வகுப்பிலும் 'பாடத்தை வாழ்க்கையோடு இணைத்து நடத்துங்கள்' என்கிறார்கள். அப்படி நடத்தினால் பாடம் நீர்த்துப்போகிறது. ஆழமாக நடத்தினால் பிள்ளைகள் 'இது எதற்கு டீச்சர்?' என்று கேட்கிறார்கள். இரண்டும் ஒன்றாக நடக்குமா?
— கணித ஆசிரியை, அரசு உயர்நிலைப் பள்ளி, விருதுநகர் மாவட்டம்

நடக்கும். ஆனால் ஒரு கணக்கில் 'எக்ஸ்' என்று இருந்த இடத்தில் 'மாம்பழம்' என்று எழுதிவிட்டால் அது வாழ்க்கைக் கணக்கு ஆகிவிடாது. பயிற்சி வகுப்புகளில் காட்டப்படும் எடுத்துக்காட்டுகள் பலவும் இந்த வகையைச் சேர்ந்தவை என்பதால்தான் உங்களுக்கு இந்தச் சலிப்பு வந்திருக்கிறது என்று எண்ணுகிறேன்.

பிரேசில் நாட்டின் ரெசிஃபி நகரில் தெருவோரம் இளநீரும் பழங்களும் விற்றுவந்த ஐந்து பிள்ளைகளிடம் நடத்தப்பட்ட சிறிய ஆய்வு ஒன்று 1985இல் வெளிவந்தது. கடையில் நின்றபடி விலை கேட்டவர்களுக்கு அந்தப் பிள்ளைகள் சொன்ன விடைகளில் ஏறத்தாழ 98 விழுக்காடு சரியாக இருந்தன. அதே கணக்குகளைத் தாளில் வெறும் எண்களாக எழுதிக் கொடுத்தபோது சரியான விடைகள் 37 விழுக்காடாகக் குறைந்தன. நம் நாட்டில் இதையே பெரிய அளவில் செய்து பார்த்த ஆய்வைப் பொருளியல் அறிஞர்களான அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் 2025இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகள் சிக்கலான கொடுக்கல்வாங்கல்களை மனக்கணக்காகவே போட்டுவிட்டு, பள்ளி முறையில் எழுதிக் கொடுத்த எளிய கணக்கில் தடுமாறினார்கள். சந்தை அனுபவம் இல்லாத பள்ளி மாணவர்களோ தாளில் போட்ட கணக்கைக் கடையில் போட முடியாமல் நின்றார்கள். ஒரு கரையில் கற்றது மறு கரைக்குத் தானாக வந்து சேர்வதில்லை, கடப்பதையே தனியாகக் கற்பிக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் இவற்றிலிருந்து ஆசிரியர் எடுத்துக்கொள்ள வேண்டிய செய்தி. நீங்கள் தேடும் ஆழமும் பயனும் சேர்ந்து கிடைக்கும் இடமும் அந்தக் கடப்புதான்.

வகுப்பில் செய்து பார்க்க ஓர் எடுத்துக்காட்டு. 2022 செப்டம்பரில் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த வீட்டு மின்கட்டண விகிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதங்களில் 500 யூனிட் வரை செலவழிக்கும் வீட்டுக்கு முதல் 100 யூனிட் இலவசம். அடுத்த 100 யூனிட்டுக்கு 2.25 ரூபாய் வீதமும், 201 முதல் 400 வரை 4.50 ரூபாய் வீதமும், 401 முதல் 500 வரை 6 ரூபாய் வீதமும் கட்ட வேண்டும். 500ஐத் தாண்டிய வீட்டுக்கு வேறு அட்டவணை: முதல் 100 இலவசம், 101 முதல் 400 வரை எல்லா யூனிட்டுக்கும் 4.50 ரூபாய், அடுத்த 100க்கு 6 ரூபாய், 501 முதல் 600 வரை 8 ரூபாய். பிள்ளைகளைக் கணக்கிடச் சொன்னால், 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய் வருவதையும் 501 யூனிட்டுக்கு 1,958 ரூபாய் வருவதையும் அவர்களே கண்டுபிடிப்பார்கள். ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய்! அதற்குப் பிறகு விகிதங்கள் மாறியிருப்பதால், அவரவர் வீட்டுக்கு இப்போது பொருந்தும் விகிதத்தை எடுத்துவந்து ஒப்பிடச் சொல்லலாம்.

பத்தாம் வகுப்பின் முதல் பாடமான 'உறவுகளும் சார்புகளும்' பகுதியில், வெவ்வேறு இடைவெளிகளில் வெவ்வேறு விதமாக வரையறுக்கப்படும் சார்புகள் (ஓர் எண்ணைக் கொடுத்தால் அதற்குரிய ஒரே விடையைத் தரும் விதிகள்) வருகின்றன. இந்த மின்கட்டணம் அப்படிப்பட்ட சார்புதான். வரைபடத்தாளில் வரையச் சொல்லுங்கள். பெரும்பாலோர் 500க்கு அருகில் கோட்டை முறிக்காமல் இணைத்துவிடுவார்கள். அந்த இடத்தில் கோடு ஏன் தாவ வேண்டும் என்று ஒருவருக்கொருவர் நிறுவிக்காட்டச் சொல்வதுதான் பாடத்தின் உயிர்நிலை. அதன்பின் அடுத்த கேள்வியைக் கேளுங்கள். நாள்தோறும் 8.2 யூனிட் செலவழிக்கும் வீட்டில் 60ஆம் நாள் ரீடிங் எடுத்தால் 492 யூனிட், கட்டணம் 1,677 ரூபாய். ரீடிங் எடுப்பவர் இரண்டு நாள் தாமதமாக வந்தால் 508 யூனிட், கட்டணம் 2,014 ரூபாய். கூடுதலாக வந்த 337 ரூபாயில், உண்மையாகவே செலவழித்த 16 யூனிட்டுக்கு உரிய தொகை எவ்வளவு, எல்லையைத் தாண்டியதற்கான தொகை எவ்வளவு? 112 ரூபாயும் 225 ரூபாயும் என்று பிரித்துக்காட்டும் மாணவிக்குச் சார்பு என்றால் என்னவென்று புரிந்துவிட்டது. அந்த 225 ரூபாய் எந்த 100 யூனிட்டிலிருந்து வந்தது என்று சொல்லும் மாணவி அதற்கும் ஒரு படி மேலே நிற்கிறாள். இப்படிக் கட்டணம் வசூலிப்பது நியாயமா என்று விவாதம் எழும், எழட்டும். ஆனால் எண்களைக் காட்டாமல் யாரும் பேசக்கூடாது என்பதை விதியாக வைத்துவிடுங்கள்.

இதற்கு இரண்டு பாடவேளைகள் போதும். பயிற்சியில் உள்ள ஒரேமாதிரியான கணக்குகளில் சிலவற்றைக் குறைத்தாலே அந்த நேரம் கிடைத்துவிடும்.

கேள்வி: என் மகனுக்கு மாதம் தவறாமல் 'புராஜெக்ட்' வருகிறது. தெர்மாகோல் எரிமலையும் சூரியக் குடும்பமும் ஸ்டேஷனரி கடையில் ஆயத்தமாகவே கிடைக்கின்றன. வாங்கிக் கொடுத்தால் முழு மதிப்பெண் வருகிறது. இதில் பிள்ளை என்ன கற்கிறான்?
— ஒரு தாய், திருப்பூர்

கடைக்காரரின் வியாபாரம் எப்படி நடக்கிறது என்பதைக் கற்கிறான். நம் மாநிலத்தில் 2012–13இல் முப்பருவ முறையும் தொடர் மதிப்பீடும் வந்தபோது, வளரறி மதிப்பீட்டுக்கு, அதாவது பருவம் முழுவதும் நடக்கும் செயல்பாடுகளுக்கும் சிறு தேர்வுகளுக்கும், 40 மதிப்பெண்ணும், தொகுத்தறி மதிப்பீட்டுக்கு, அதாவது பருவ இறுதித் தேர்வுக்கு, 60 மதிப்பெண்ணும் என்று பிரிக்கப்பட்டன. செயல்பாட்டுக்கு மதிப்பெண் தந்த அந்த எண்ணம் நல்லது. ஆனால் நாற்பது, ஐம்பது பிள்ளைகளின் செயல்பாட்டுக்கு ஆசிரியர் ஆதாரம் காட்ட வேண்டியிருந்ததால், சுவரில் ஒட்டக்கூடிய சார்ட்டும் மேசையில் வைக்கக்கூடிய மாதிரியும் ஆதாரமாகிவிட்டன. சிந்தித்த தடத்தைச் சுவரில் ஒட்டிக் காட்ட முடியாது அல்லவா?

விடை முன்கூட்டியே தெரியாத கேள்வியாக இருந்தால் கடையில் வாங்க முடியாது. மண்பானையில் தண்ணீர் குளிர்வதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே அளவுள்ள மண்கலயம், எவர்சில்வர் பாத்திரம் இரண்டிலும் ஒரே குடத்துத் தண்ணீரை ஊற்றி, ஒரே நிழலில் வைத்து, மணிக்கொரு தடவை வெப்பமானி கொண்டு அளந்து குறித்துக்கொள்ளட்டும். வெயில் காயும் நாளிலும் மழைக்கால நாளிலும் செய்து வேறுபாட்டைப் பார்க்கட்டும். பெரிய வகுப்பு மாணவன் என்றால் இன்னும் போகலாம். 10 மில்லி நீர் ஆவியாவதற்குச் சுமார் 24 கிலோ ஜூல் வெப்பம் வேண்டும். கலயத்தில் உள்ள ஒரு லிட்டர் நீரிலிருந்தே அந்த வெப்பம் முழுவதும் எடுக்கப்பட்டால் வெப்பநிலை ஏறத்தாழ 6 டிகிரி குறைய வேண்டும். உண்மையில் அவ்வளவு குறையாது. ஏன் குறையவில்லை என்று அவன் தேடத் தொடங்கும்போதுதான் புராஜெக்ட் தொடங்குகிறது. அளவீடுகளும் அடித்துத் திருத்திய கணக்குகளும் நிறைந்த அந்த நோட்டைத்தான் ஆசிரியரிடம் கொடுத்தனுப்ப வேண்டும். அழகாக இல்லை என்று மதிப்பெண் குறைத்தால் ஆசிரியரிடம் நேரில் பேசுங்கள், பெரும்பாலும் கேட்டுக்கொள்வார்கள்.

கேள்வி: இப்படியெல்லாம் படித்தால் நீட் தேர்வில் மதிப்பெண் கூடுமா?
— ஒரு தந்தை, சென்னை

நேரடியாகக் கூடும் என்று சொல்ல மாட்டேன். 180 நிமிடங்களில் 180 வினாக்களுக்கு விடை குறிக்க வேண்டிய தேர்வுக்கு வேகமும் பழக்கமும் வேண்டும், அதற்குத் தனிப்பயிற்சி தேவைதான். அந்தப் பயிற்சியை ஆறாம் வகுப்பிலேயே தொடங்குவது வேண்டாத வேலை என்பது என் கருத்து.

கேள்வி: கணிதமும் அறிவியலும் சரி. வரலாற்றையும் தமிழையும் நடப்பு வாழ்க்கையோடு எப்படி இணைப்பது?
— பட்டதாரி ஆசிரியர், தஞ்சாவூர் மாவட்டம்

உத்திரமேரூர்க் கல்வெட்டிலிருந்து தொடங்கலாம். பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் பராந்தகன் காலத்தில் பொறிக்கப்பட்ட அந்தக் கல்வெட்டு, ஊர்ச்சபையின் வாரிய (குழு) உறுப்பினர்களைக் குடவோலை முறையில், அதாவது பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு எடுக்கும் முறையில், தேர்ந்தெடுப்பதற்கான விதிகளைத் தருகிறது. வயது 35 முதல் 70 வரை இருக்க வேண்டும், வரி செலுத்தும் நிலம் கால்வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் நிற்கக் கூடாது. நாம் வகுப்பில் இதைச் சொல்லி, 'அன்றே மக்களாட்சி' என்று பெருமைப்பட்டு, ஐந்து மதிப்பெண் வினாவாக்கி முடித்துவிடுகிறோம்.

அந்த விதிகளை இன்றைய ஊராட்சித் தேர்தல் விதிகளோடு அருகருகே வைத்துப் படிக்கச் செய்யுங்கள். எந்த விதி இன்றும் வேண்டும், எது இன்று சட்டப்படி செல்லாது, ஏன்? அது ஒரு சதுர்வேதிமங்கலம், அதாவது பிராமணர்களுக்குக் கொடையாக அளிக்கப்பட்ட ஊர் என்பதைச் சொன்னபின், அந்த ஊரில் உழுதவர்களுக்கும் பெண்களுக்கும் இந்தத் தேர்தலில் இடம் இருந்ததா என்று கேளுங்கள். கல்வெட்டு எதைச் சொல்லவில்லை என்று கவனிப்பது பெருமையைக் குறைத்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. அக்டோபர் 2 கிராம சபைக் கூட்டத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்று, கணக்கு வாசிக்கப்படும் முறையைக் குறித்துவரச் சொன்னால், 'கணக்குக் காட்டாதவர்' என்ற விதி அவர்களுக்கு வேறு விதமாகப் புரியும்.

தமிழ்ப் பாடத்துக்கு வருவோம். கடிதம் எழுதும் பகுதியில் 'நூலக வசதி வேண்டி விண்ணப்பம்' என்பதைப் பிள்ளைகள் உரைநூலிலிருந்து மனப்பாடமாக எழுதுகிறார்கள். பள்ளிக்கு அருகில் உண்மையாகவே இருக்கும் ஒரு குறையைத் தேர்ந்தெடுத்து, எந்த நாளிலிருந்து, எந்த இடத்தில், யார் பாதிக்கப்படுகிறார்கள் என்று விசாரித்து, திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் கொடுக்கக்கூடிய மனுவாக எழுதட்டும். மிகைச்சொல் ஒவ்வொன்றையும் நீக்கி, ஆதாரம் ஒவ்வொன்றையும் சேர்த்து நான்கு முறை திருத்தி எழுதினால், அதைவிடக் கடுமையான உரைநடைப் பயிற்சி வேறில்லை.

கேள்வி: வாழ்க்கைக்கு ஏற்ற கல்வி என்று சொல்லி, ஏழைப் பிள்ளைகளைக் கைத்தொழிலோடு நிறுத்திவிடும் அபாயம் இதில் இல்லையா?
— ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், சேலம்

இருக்கிறது. இந்தக் கேள்வியை மறந்துவிட்டுத் தமிழ்நாட்டில் யாரும் இந்தப் பொருளைப் பேசக் கூடாது. 1937இல் காந்தியடிகள் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வி, கைத்தொழிலை நடுவில் வைத்து மற்றப் பாடங்களை அதன் வழியாகக் கற்பிக்க முயன்றது. 1953இல் முதலமைச்சர் ராஜாஜி கொண்டுவந்த திட்டமோ, தொடக்கப் பள்ளி நேரத்தை மூன்று மணி நேரமாகக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும் என்றது. பெரியாரும் திராவிட இயக்கத்தினரும் அதைக் 'குலக்கல்வித் திட்டம்' என்று எதிர்த்துப் போராடினார்கள். 1954இல் ராஜாஜி பதவி விலக, காமராசர் முதலமைச்சரானதும் அத்திட்டம் கைவிடப்பட்டது. 'வாழ்க்கையோடு இணைந்த கல்வி' என்ற சொற்றொடரைக் கேட்டதும் நம்மில் பலருக்கு ஐயம் எழுவதற்கு இந்த வரலாறே காரணம், அந்த ஐயம் நியாயமானது.

அதனால் நான் ஒவ்வொரு செயல்பாட்டையும் ஒரே கேள்வியால் சோதிப்பேன்: பிள்ளை தன் ஊரிலும் வீட்டிலும் தானாகவே கற்றிருக்க முடியாத எதை இதன்மூலம் கற்கிறது? நெசவாளர் மகளுக்குத் தறி ஓட்டுவதைப் பள்ளி கற்றுத்தர வேண்டியதில்லை. தறியில் வரும் கட்டத்தையும் பூவேலையையும் கொண்டு சமச்சீர்த்தன்மையையும் உருமாற்றங்களையும் கற்றுத்தந்தால், அவள் தெரிந்த இடத்திலிருந்து புறப்பட்டுத் தெரியாத இடத்துக்குப் போகிறாள். அதே பாடத்தைத் தறியையே பார்த்திராத மருத்துவர் மகனும் அதே வகுப்பில், அதே கடுமையோடு படிக்க வேண்டும். ஒருவருக்குச் செயல்பாடு, மற்றவருக்குச் சூத்திரம் என்று பிரித்தால் 1953க்கே திரும்பிவிடுவோம்.

கேள்வி: தேர்வுத்தாள் மாறாமல் இவையெல்லாம் எப்படி நடக்கும்? வகுப்புத் தேர்வுக்கு நான் எப்படிக் கேள்வி எடுக்க வேண்டும்?
— இடைநிலை ஆசிரியை, நாகப்பட்டினம் மாவட்டம்

பொதுத்தேர்வுத் தாள் நம் கையில் இல்லை. வகுப்புத் தேர்வுத் தாள் உங்கள் கையில்தான் இருக்கிறது, அதில் பத்தில் இரண்டு கேள்விகளை மாற்றினாலே போதும்.

ஊரகப் பிள்ளைகளின் கற்றல் நிலையை அளக்கும் 'அசர்' (ASER) ஆய்வு, 2023ஆம் ஆண்டில் ஊரகப் பகுதிகளில் 14 முதல் 18 வயது வரை உள்ளவர்களிடம் அளவுகோலைக் காட்டி ஒரு பொருளின் நீளத்தைக் கேட்டது. பொருளின் முனை சுழியத்தில் இருந்தபோது ஏறத்தாழ 85 விழுக்காட்டினர் சரியாகச் சொன்னார்கள். முனையைச் சுழியத்திலிருந்து நகர்த்தி வைத்தபோது சரியாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ 39 விழுக்காட்டினர். இரண்டும் ஒரே பாடம்தான். முதல் கேள்வி பழக்கத்தைச் சோதித்தது, இரண்டாவது கேள்வி நீளம் என்பது இரு முனைகளுக்கு இடையே உள்ள வேறுபாடு என்ற புரிதலைச் சோதித்தது.

உங்கள் நான்காம் வகுப்புத் தாளில் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: 'முதல் மூன்று சென்டிமீட்டர் உடைந்துபோன ஓர் அளவுகோலால் உன் பென்சிலை அளக்க முடியுமா? முடியும் என்றால் எப்படி அளப்பாய் என்று உன் தங்கைக்குச் சொல்வதுபோல் எழுது.' விடைக்கு ஒரு மதிப்பெண், விளக்கத்துக்கு மூன்று மதிப்பெண். எழுதத் திணறும் பிள்ளையிடம் வாய்மொழியாகவும் கேட்கலாம். எந்த வீட்டிலும் ஓர் உடைந்த அளவுகோல் கிடைக்கும் என்பதால், துணைக்கருவிக்குப் பள்ளி நிதியும் தேவைப்படாது.