மதுரை தெப்பக்குளத்துல தினமும் சாயங்காலம் இவ்வளவு பேர் ஏன் சும்மா ஒக்காந்திருக்காங்க? அப்படி என்ன இருக்கு அங்க?

கேள்விக்குக் கீழ "சுத்தி வேலி போட்டு பத்து ரூபா டிக்கெட் வச்சா நல்லா மெயின்டெயின் பண்ணலாமே"ன்னு வேற எழுதியிருக்கீங்க, அதுக்காகத்தான் இந்தப் பதில். நீங்க வேலைக்காக மதுரைக்குப் புதுசா வந்தவரா இருப்பீங்கன்னு நினைக்கிறேன், அபார்ட்மெண்ட்டுக்குள்ளயே வாக்கிங் போக இடம் இருக்கும். தப்பா சொல்லல. ஆனா முனிச்சாலை, அனுப்பானடி பக்கமெல்லாம் காம்பவுண்டு வீடுக நிறைய. ஒரே வாசல், உள்ள வரிசையா ஆறேழு குடித்தனம், ஆளுக்கு ஒரு ரூமு ஒரு அடுப்படி. நான் வளந்தது அப்படி ஒரு வீட்டுலதான். விருந்தாளி வந்தா நாங்க எந்திரிச்சு தெருவுக்குப் போனாத்தான் அவங்க ஒக்கார முடியும். எங்களுக்கு ஹாலுன்னு ஒண்ணு இருந்துச்சுன்னா அது தெப்பக்குளந்தான்.

எங்க அக்காவ பொண்ணு பாத்ததே அங்கதான். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க மேலூர் பக்கம், வீட்டுக்கு வர்றோம்னு சொல்லிவிட்டாங்க. அம்மாவுக்கு தூக்கமே போச்சு, எங்க ஒக்கார வைக்கிறது, அந்த நேரம் பாத்து பொதுக்குழாய்ல சண்டை வந்துருச்சுன்னா என்ன பண்றதுன்னு. பெரியம்மாதான் சொன்னுச்சு, "ஏன்டி வீட்டுக்குக் கூப்புடுற, மாரியம்மன் கோயிலுக்கு வரச் சொல்லு, சாமி கும்புட்ட மாதிரியும் ஆச்சு"ன்னு. வந்தாங்க, கும்புட்டோம், அப்படியே குளத்துக் கரைக்கு வந்தாச்சு. அம்மா பையில கொண்டு போன புதுத்துண்ட கல்லுச் சுவர் மேல விரிச்சு மாப்பிள்ளையோட அம்மாவ ஒக்காரச் சொன்னாங்க. அந்தம்மா துண்ட எடுத்து மடிச்சு எங்கம்மா கையிலயே குடுத்துட்டு, "வெள்ளத் துண்டு, அழுக்காயிரும் மதினி"ன்னு வெறுங்கல்லுல ஒக்காந்துச்சு. மதினின்னு சொன்னதுமே எங்கம்மா மூஞ்சி மாறிப் போச்சு. எல்லாருக்கும் பருத்திப்பால் வாங்கிக் குடுத்தோம், அக்காவும் மாமாவும் கொஞ்சம் தள்ளிப் போய் பேசிட்டு வந்தாங்க. அந்தக் கூட்டத்துல ஒருத்தர் கூட திரும்பிப் பாக்கல. இதே வீட்டுல நடந்திருந்தா ஏழு குடித்தனமும் ஜன்னல்ல நின்னிருக்கும், வந்தவங்க கண்ணும் எங்க செவத்து மேலயும் ஓட்டு மேலயுந்தான் இருந்திருக்கும்.

காம்பவுண்டு வீடுன்னு பேச்சு வந்துருச்சுல்ல, இதையும் சொல்லிருறேன். வீட்டுக் கரண்டுக்கு அரசாங்கம் குறிப்பிட்ட யூனிட் வரைக்கும் இலவசமா குடுக்குது, ஆனா காம்பவுண்டுல குடியிருக்குறவனுக்கு அது கண்ணுல படாது, ஓனர் சப் மீட்டர் போட்டு முதல் யூனிட்ல இருந்தே எட்டு ரூபான்னு எழுதுவாரு, கேட்டா காலி பண்ணுன்னு பதில் வரும். எல்லா ஓனரும் அப்படின்னு சொல்லல, நல்லவங்களும் இருக்காங்க, எனக்கு வாய்க்கல. சித்திரை வைகாசி வெயில்ல ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் குடும்பத்தோட கரையில ஒக்காந்திருக்குறாங்கன்னா காத்துக்கு மட்டும் இல்ல, அவ்வளவு நேரம் வீட்டுல ஃபேன் ஓடாதுல்ல. அந்தக் குடும்பத்துக்கிட்ட ஆளுக்குப் பத்து ரூபா கேட்டா அஞ்சு பேருக்கு அம்பது. தினமும் குடுக்க முடியுமா சொல்லுங்க.

"தண்ணி நிக்குது, போட்டிங் விடுறாங்க, அதான் கூட்டம்"னு சில பேரு சொல்லுவாங்க. அது சரியில்ல. நான் பயலா இருந்த காலத்துல குளம் காஞ்சுதான் கிடக்கும், உள்ள இறங்கி கிரிக்கெட் ஆடுவோம், ஒரே நேரத்துல பல மேட்ச் நடக்கும், ஒரு டீமோட ஃபீல்டரு இன்னொரு டீமோட பிட்ச்ல நிப்பான். தை மாசம் தெப்பத்துக்கு மீனாட்சியும் சொக்கரும் வந்தாலும் தண்ணி இல்லாம, தெப்பம் மிதக்காம ஒரே இடத்துல நிக்கிற நிலைத்தெப்பமா நடந்த வருஷமெல்லாம் உண்டு. அப்பவும் சாயங்காலம் கரையில இதே கூட்டந்தான். சில வருஷம் முன்னாடி பனையூர் கால்வாய சரி பண்ணி வைகைத் தண்ணிய விட்டாங்க. ஆட இடம் போச்சேன்னு பயலுகளுக்கு வருத்தம், எனக்கு சந்தோஷந்தான், எங்க தெரு போர்ல தண்ணி ஏறிருச்சு. 1645ல திருமலை நாயக்கர் வெட்டுன குளம், மகால் கட்ட இங்க இருந்துதான் மண்ணு எடுத்தாங்க, மீனாட்சி கோயில்ல இருக்குற முக்குறுணிப் பிள்ளையார் இங்க தோண்டுறப்ப கிடைச்சவருன்னு சொல்லுவாங்க, இதெல்லாம் எங்களுக்குப் பெருமைதான். ஆனா தினமும் வர்றவன் இதுக்காக வரல. ஏன் வந்த, என்ன வாங்குன, எப்ப கிளம்புவன்னு கேக்க அங்க ஆள் இல்ல, அதுக்குத்தான் வர்றான்.

குப்பை கிடக்குது, ரோட்டுக்கடைக்காரங்க இடத்தப் பிடிச்சுட்டாங்க, டிராஃபிக்னு வரிசையா வந்து சொல்லுவாய்ங்க. எல்லாம் உண்மை, நான் மறுக்கல. அதுக்குக் குப்பைத்தொட்டி வைக்கணும், பொம்பளைங்களுக்கு சுத்தமான பாத்ரூம் கட்டணும், கடைகளுக்கு ஒரு பக்கமா இடம் ஒதுக்கணும். வேலி போட்டா குப்பை போடுறவன் டிக்கெட் எடுத்துட்டு உள்ள வந்து போடுவான், எங்க அம்மா மாதிரி ஆளுங்கதான் வராம நின்னுருவாங்க.

நீங்க போறதா இருந்தா தெப்பத் திருவிழா அன்னைக்கு முதல் தடவையா போகாதீங்க, கூட்டத்துல ஒண்ணும் புரியாது. ஞாயித்துக்கிழமையும் வேணாம். சாதாரண நாள்ல வெயில் தாழ்ந்ததும் போங்க, வண்டிய கொஞ்சம் தள்ளி விட்டுட்டு நடந்து வாங்க, ஃபோன பைக்குள்ள போட்டுட்டு ஒரு மணி நேரம் ஒக்காருங்க. அப்புறமும் டிக்கெட் போடணும்னு தோணுச்சுன்னா வந்து சொல்லுங்க, பேசுவோம்.