கைமாறும் நிறுவனத்தில் மகளுக்கு வேலை: ஒரு தந்தையின் கேள்விக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

பி.இ. கணினி அறிவியல் இறுதியாண்டு படிக்கும் உங்கள் மகளுக்கு, விமானப் பயண முன்பதிவுத் தொழில்நுட்பத்தை நடத்தும் ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் பெங்களூரு மையத்தில் வேலை கிடைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இத்துறை நிறுவனங்கள் விற்கப்படுவதும் கடனில் தவிப்பதுமே இணையத்தில் கண்ணில் பட்டதால், சென்னையிலுள்ள ஐ.டி. சேவை நிறுவனத்தின் வாய்ப்பையே ஏற்கச் சொல்லலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் அச்சம் ஆதாரமற்றது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு நிறுவனம் கைமாறுவதும் அதில் உள்ள வேலை அழிவதும் ஒன்றல்ல என்பதற்கு, இத்துறையின் மூத்த நிறுவனமான சேபரின் வரலாறே நல்ல சான்று.

இரயில்வே முன்பதிவு அலுவலகத்தில் பணியாற்றியவர் நீங்கள். பேரேட்டைப் புரட்டி பெர்த் எண் குறித்த காலம் நினைவிருக்கும். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனமும் அப்படித்தான் தொடங்கியது. விமானத்துக்கு ஓர் அட்டை என்று அடுக்கப்பட்ட சுழல் பெட்டியைச் சுற்றி எட்டுப் பேர் அமர்ந்திருப்பார்கள்; ஒன்பதாமவர் அமர இடமில்லாததால், பயணிகள் கூடினாலும் ஆட்களைக் கூட்ட வழியில்லை. ஒரு முன்பதிவு முடியச் சராசரியாக 90 நிமிடங்கள் ஆயின. 1953-ல் லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து நியூயார்க் சென்ற விமானத்தில் அந்நிறுவனத் தலைவர் சி. ஆர். ஸ்மித்தும் ஐ.பி.எம். விற்பனையாளர் பிளேர் ஸ்மித்தும் தற்செயலாகச் சந்தித்துப் பேசியதில் கணினி முன்பதிவுக்கான விதை விழுந்தது. 1960-ல் நியூயார்க் மாநிலத்தின் பிரையர்கிளிஃப் மேனரில் இரண்டு ஐ.பி.எம். 7090 கணினிகளில், சேபர் எனப்பட்ட அந்த முன்பதிவு முறையின் சோதனை தொடங்கியது. 1964-க்குள் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் முன்பதிவு முழுவதும் அதற்கு மாறியது. செலவு சுமார் 4 கோடி டாலர்.

1976 முதல் பயண முகவர்களின் மேசைக்கே சேபர் திரைகள் போய்ச் சேர்ந்தன. திரையின் முதல் வரிசைகளில் தெரியும் விமானத்தையே முகவர்கள் பெரும்பாலும் விற்றதால், அமெரிக்கன் தன் விமானங்களை மேலே வைத்தது. போட்டியாளர்களின் முறையீட்டுக்குப் பின் 1984-ல் அரசு அதற்குத் தடை விதித்தது. இருக்கையை விற்பதைவிட, இருக்கைகளைக் காட்டும் திரையை வைத்திருப்பதே பெரிய பலம் என்பதை இத்துறை அன்றே கண்டுகொண்டது.

உங்களைக் கலங்கவைக்கும் பகுதி இதற்குப் பிறகுதான் வருகிறது. 1996-ல் சேபரின் பங்குகளில் ஒரு பகுதி சந்தைக்கு வந்தது. 2000-ல் அது தாய் நிறுவனத்திலிருந்து முழுமையாகப் பிரிந்தது. 2001-ல் விமான நிறுவனங்களுக்கான கணினி உள்கட்டமைப்புச் சேவைப் பிரிவை இ.டி.எஸ். என்ற கணினிச் சேவை நிறுவனம் 67 கோடி டாலருக்கு வாங்கியபோது, அங்கிருந்த ஊழியர்களும் வேலையோடு சேர்ந்தே இடம் மாறினார்கள். 2007-ல் சில்வர் லேக், டி.பி.ஜி. என்ற இரண்டு தனியார் முதலீட்டு நிறுவனங்கள், கடனையும் சேர்த்துச் சுமார் 500 கோடி டாலர் மதிப்பில் சேபரை வாங்கின. 2014-ல் அது மீண்டும் பங்குச்சந்தைக்கு வந்தது. 1996-ல் தொடங்கிய டிராவலாசிட்டி என்ற பயண இணையதளத்தை 2015-ல் போட்டி நிறுவனமான எக்ஸ்பீடியாவிடம் விற்ற அதே ஆண்டில், ஆசியாவின் அபாகஸ் என்ற முன்பதிவு நிறுவனத்தை முழுமையாக வாங்கியது. 2020-ல் கொரோனாவால் விமானங்கள் பறக்காமல் முடங்கியபோது, முந்தைய ஆண்டில் ஏறத்தாழ 400 கோடி டாலராக இருந்த வருவாய் சுமார் 133 கோடியாகச் சரிந்தது; ஆட்குறைப்பு நடந்தது; கடன் பெருகியது. அதைக் குறைக்க, 2025-ல் விடுதி முன்பதிவுப் பிரிவை 110 கோடி டாலருக்கு விற்றது. வாங்கியது வேறு யாருமல்ல, பழைய உரிமையாளரான அதே டி.பி.ஜி.தான்.

இத்தனை கைமாற்றங்களிலும் அடித்தள வேலை நிற்கவில்லை. முகவர் திரையில் இன்றும் ஒன்று என்ற இலக்கம், தேதி, புறப்படும் ஊரின் மூன்றெழுத்து, சேரும் ஊரின் மூன்றெழுத்து என இடைவெளியின்றித் தட்டச்சு செய்தால் காலி இருக்கைகள் வரிசையாக வருகின்றன. சென்னைக்கு அதில் மெட்ராஸ் காலத்து எம்.ஏ.ஏ.தான். ஒரே இருக்கையை இருவருக்கு விற்காமல், நொடிக்கு ஆயிரக்கணக்கான வினவல்களைத் தாங்கும் பரிவர்த்தனைக் கணினியியலைக் கற்றவருக்கு வங்கியிலும் அட்டைப் பரிமாற்றத்திலும் இடம் உண்டு. விமான முன்பதிவுக்காக ஐ.பி.எம். வளர்த்த இயக்க மென்பொருளைக் கடன் அட்டை நிறுவனங்களும் பயன்படுத்தின என்பதை மகளிடம் சொல்லுங்கள்.

என் கவலை கடனைவிட வேறொன்றில் இருக்கிறது. ஒவ்வொரு பதிவுக்கும் விமான நிறுவனங்கள் தரும் கட்டணமே சேபர் போன்ற இடைத்தரகு அமைப்புகளின் முக்கிய வருவாய். அதைத் தவிர்க்க விமான நிறுவனங்கள் நேரடி விற்பனையை நாடுகின்றன. இடைத்தரகு அமைப்புகள் வழியாக வரும் பதிவுகளுக்கு 2015-ல் ஜெர்மனியின் லுஃப்தான்சா விமான நிறுவனம் 16 யூரோ கூடுதல் கட்டணமே விதித்தது. பன்னாட்டு விமான நிறுவனங்களின் சங்கமான ஐயாட்டா வகுத்த என்.டி.சி. என்ற புதிய தரவு முறையும் பழைய திரைக்குப் போட்டியாக வளர்கிறது. ஆகவே மெயின்பிரேம் எனப்படும் பழைய பெருங்கணினியைப் பராமரிக்கும் குழுவில் மட்டும் ஐந்தாண்டுகள் இருந்துவிட்டால் வெளியே வருவது கடினம்; அதை மேகக்கணினிக்கு மாற்றும் குழுவிலோ என்.டி.சி. இணைப்புக் குழுவிலோ சேர்ந்தால், பழையதும் புதியதும் தெரிந்த அரிய ஆளாக அவர் வெளிவருவார்.

எனவே பெங்களூரு வாய்ப்பை ஏற்பதே நல்லது என்பது என் கருத்து. ஆனால் கையெழுத்திடுவதற்கு முன் மனிதவள அலுவலரிடம் மூன்று விவரங்களை எழுத்தில் கேட்டுப் பெறச் சொல்லுங்கள். எந்தக் குழு, முதல் ஆண்டில் எந்த மென்பொருள், பிரிவு விற்கப்பட்டால் பணிக்காலத் தொடர்ச்சி காக்கப்படுமா என்பவையே அவை. ஊதியத்தின் ஒரு பகுதி பங்குகளாகத் தரப்பட்டால், அதை வீட்டுக் கணக்கில் சேர்க்காதீர்கள். கல்விக் கடன் தவணையை ரொக்கச் சம்பளத்திலிருந்து மட்டும் கணக்கிட்டு, அந்தத் தாளையும் பதில் கடிதத்தோடு அனுப்பினால் மேற்கொண்டு பார்க்கலாம்.