வாசகர் கேள்வி–பதில்: அமெரிக்க மரைன் படையின் மரபுகள்

கேள்வி: கப்பலிலிருந்து கரையிறங்கிப் போரிடும் மரைன் படையின் பிறந்தநாள் நவம்பர் 10 என்கிறார்கள். படையை அமைத்த சட்டமோ 1798 ஜூலை 11-ஆம் தேதியது. எது சரி?

பதில்: இரண்டுக்கும் ஆவணம் இருக்கிறது. 1775 நவம்பர் 10 அன்று பிலடெல்ஃபியாவில் கூடிய காண்டினென்டல் காங்கிரஸ் (அமெரிக்கக் குடியேற்றங்களின் பிரதிநிதிகள் அவை), இரண்டு பட்டாலியன் மரைன்களைத் திரட்டத் தீர்மானித்தது. விடுதலைப் போர் முடிந்தபின் அந்தப் படை கலைந்துபோனது. 1798-இல் வந்த சட்டம் அதை மறுபடி அமைத்தது. 1921 வரை ஜூலை 11-தான் பிறந்தநாள். அந்த அக்டோபரில், வரலாற்றுப் பிரிவைச் சேர்ந்த மேஜர் எட்வின் மெக்லெலன் 1775-ஆம் ஆண்டுத் தேதியைப் பரிந்துரைத்தார். தளபதி ஜான் லெஜூன் நவம்பர் 1 அன்று 47-ஆம் எண் ஆணையைப் பிறப்பித்தார். படையின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லும் அந்த ஆணையை ஆண்டுதோறும் நவம்பர் 10 அன்று எல்லாப் பிரிவுகளிலும் வாசிக்க வேண்டும். முதல் ஆண்டில் தபால் தாமதமானால், ஆணை கைக்கு வந்த அன்றே வாசிக்கலாம் என்ற குறிப்பும் அதில் உண்டு. கடல் கடந்து சிதறிக் கிடந்த படைக்கு அது தேவைப்பட்டது.

கேள்வி: அன்று கேக்கை வாளால் வெட்டுகிறார்களே, அதன் முறை என்ன?

பதில்: கொடி அணிவகுப்புக்குப் பின் கேக் உள்ளே வரும். லெஜூனின் ஆணையையும், இப்போதைய தளபதியின் செய்தியையும் வாசிப்பார்கள். பிறகு பிரிவின் தலைவர் வாளால் வெட்டுவார். முதல் துண்டு சிறப்பு விருந்தினருக்கு. அடுத்தது அங்கிருப்பவர்களில் வயதில் மூத்த மரைனுக்கு, அதற்கடுத்தது வயதில் இளையவருக்கு. மூத்தவர் கையிலிருந்து இளையவர் கைக்குத் துண்டு மாறுவதே இந்தச் சடங்கின் உயிர். அனுபவம் கைமாறுவதை அது குறிக்கிறது. பதவியையோ பணிக்காலத்தையோ இங்கே பார்ப்பதில்லை, பிறந்த தேதி மட்டுமே கணக்கு. ஆகவே வருகிறவர்களின் தேதிகளை முன்கூட்டியே சரிபார்த்துக்கொள்ள வேண்டும். ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர் கடைசி நேரத்தில் வந்தால் பட்டியலே மாறிவிடும். 1952-இல் தளபதி லெமுவல் ஷெப்பர்ட் இந்த முறையை ஒழுங்குபடுத்தினார்.

கேள்வி: அதிகாரிகளின் வாளும் சார்ஜென்ட்களின் வாளும் ஏன் வெவ்வேறாக இருக்கின்றன?

பதில்: அதிகாரிகளுடையது மம்லுக் வாள் (எகிப்தின் மம்லுக் வீரர்களின் பாணி): வளைந்த அலகு, சிலுவை போன்ற குறுக்குக் காப்பு, தந்த நிறப் பிடி. விரல்களை மறைக்கும் வளைவு அதில் கிடையாது. 1805-இல் லெப்டினன்ட் பிரெஸ்லி ஓ'பேனன் சில மரைன்களோடு எகிப்திலிருந்து பாலைவனம் கடந்து போய், இன்றைய லிபியாவில் உள்ள டெர்னா கோட்டையைப் பிடித்தார். அதற்காக, திரிப்போலி ஆட்சிக்கு உரிமை கோரிய ஹமேத் கரமான்லி தந்த வாள்தான் இதற்கு முன்மாதிரி என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. 1825-இல் அதிகாரிகளுக்கு இது ஏற்கப்பட்டது. 1859-இல் இதை விலக்கி, தரைப்படை அதிகாரிகளின் வாளைக் கொண்டுவந்தார்கள். 1875-இல் மம்லுக் திரும்பி வந்துவிட்டது. 1859-ஆம் ஆண்டு மாதிரியோ, விரல் காக்கும் பித்தளை வளைவோடு, சார்ஜென்ட்களிடமும் கார்ப்பரல்களிடமும் இன்றுவரை நிலைத்திருக்கிறது.

கேள்வி: மரைன்களின் முதல் தரையிறக்கம் வெற்றியா, தோல்வியா?

பதில்: இடம் கிடைத்தது, வெடிமருந்தில் பெரும்பகுதி கிடைக்கவில்லை. 1776 மார்ச் 3 அன்று கேப்டன் சாமுவேல் நிக்கோலஸ் தலைமையில் பஹாமாஸின் நியூ பிராவிடன்ஸ் தீவில் இறங்கினார்கள். ஜார்ஜ் வாஷிங்டனின் படைக்கு வெடிமருந்து பற்றாக்குறை. நாசோவில் இருந்த பிரிட்டிஷ் கிடங்கே இலக்கு. மான்டேகு கோட்டை எளிதாக விழுந்தது. ஆனால் அன்றிரவு அங்கேயே தங்கிவிட்டார்கள். கப்பல்களும் துறைமுக வாயிலை அடைத்து நிற்கவில்லை. இந்த இரண்டு ஓட்டைகளும் ஆளுநர் மான்ட்ஃபோர்ட் பிரவுனுக்குப் போதுமாக இருந்தன. 150-க்கும் மேற்பட்ட வெடிமருந்துப் பீப்பாய்களை அவர் இரவோடு இரவாகக் கப்பலேற்றி அனுப்பிவிட்டார். மறுநாள் நாசோ கோட்டையில் பீரங்கிகள் நிறையவே கிடைத்தன. என் கணிப்பில் தரையிறக்கத்தில் குறையில்லை. துறைமுகத்தை அடைக்காமல் விட்டதே பிழை.

கேள்வி: நீலக் காற்சட்டையின் சிவப்புப் பட்டை, 1847-இல் மெக்சிகோவுடனான போரில் சாப்புல்டெபெக் கோட்டையில் இறந்தவர்களின் நினைவாகவா?

பதில்: மரைன்கள் அப்படித்தான் நினைவுகூர்கிறார்கள், அந்த மரியாதை உண்மையானது. ஆனால் பட்டை அந்தப் போருக்கு முன்பே, தரைப்படை வழக்கத்தை ஒட்டிச் சீருடையில் வந்துவிட்டது. கார்ப்பரல் முதல் மேல்நிலையினர் அணிவார்கள். ஜெனரல்களுக்கு அது இன்னும் அகலமாக இருக்கும்.