அலிபாகில் தங்கி ஜஞ்சிரா கோட்டையையும் பார்க்க முடியுமா?

மும்பை மாட்டுங்காவிலிருந்து இரண்டு நாள், கூட வயதான அம்மா அப்பா, கடற்கரை ஊரான அலிபாகில் ரூம் போடுவதா, ஜஞ்சிரா கோட்டைக்குப் பக்கத்திலுள்ள முருடிலா என்று கேட்டிருக்கிறீர்கள். அலிபாக்தான் வசதி. மும்பை கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து அலிபாக் பக்கத்து மாண்ட்வா படகுத்துறைக்குப் படகு, சில கம்பெனிகளின் டிக்கெட்டிலேயே அலிபாக் வரை பஸ்ஸும் உண்டு. மழைக்காலத்தில் மட்டும் வேண்டாம், இந்தப் படகும் நிற்கும், ஜஞ்சிராவும் மூடியிருக்கும்.

கொலாபா கோட்டை ஊர்க் கடற்கரைக்கு எதிரிலேயே கடலுக்குள் இருக்கிறது. சிவாஜி தொடங்கியது, பிறகு மராட்டியக் கடற்படைத் தலைவர் கான்ஹோஜி ஆங்கரேயின் தளம். நீர் வற்றும்போது நடந்தே போகலாம், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, கணுக்கால் சேற்றில் புதையப் புதைய. அம்மாவுக்குக் குதிரை வண்டி இருக்கிறது. வற்றும் நேரம் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும், அதனால் ஹோட்டலில் கேட்டுவிட்டே கிளம்புங்கள், நாங்கள் கேட்காமல் போய் உள்ளே மாட்டிக்கொண்டு கணபதி கோயில் வாசலில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தோம்.

மறுநாள் காலையிலேயே கார் எடுத்து முருடுக்கு, 50 கிலோமீட்டர் சொச்சம். வழியில் ரேவ்தண்டா, கோர்லாய் இரண்டும் போர்ச்சுகீசியர் கோட்டைகள். கோர்லாய் கிராமத்தில் இன்றும் போர்ச்சுகீசியம் கலந்த ஒரு மொழியை வீட்டில் பேசுகிறார்கள். அங்கே மலையேற்றம் உண்டு, அப்பாவை இழுக்காதீர்கள்.

கடலுக்குள் இருக்கும் ஜஞ்சிராவுக்கு, முருடை ஒட்டிய ராஜபுரியிலிருந்து பாய்மரப் படகு. ஆப்பிரிக்க வம்சாவளி சித்திகளின் கோட்டை, மராட்டியர் எவ்வளவு முயன்றும் பிடிக்க முடியாதது. நான் போனபோது படகு கோட்டை வாசற்படியில் மோதி ஆட, படகுக்காரர் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். முட்டிவலி இருந்தால் யோசியுங்கள்.

சிவாஜியின் தலைநகரமாக இருந்த ராய்கட் மலைக்கோட்டையை இதில் சேர்க்காதீர்கள், அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும்.