ட்யூபிங்கனில் முறைவாசல் – கடிதம்

அன்புள்ள சார்,

வணக்கம். பி.எஸ்ஸி. படித்த நாளிலிருந்து உங்களை வாசிக்கிறேன். கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. சொந்த ஊர் கோவில்பட்டி பக்கம். இப்போது ஜெர்மனியில் ட்யூபிங்கன் என்ற ஊரில் உயிர்வேதியியல் முதுகலை படிக்கிறேன். வந்து நான்கு மாதம் ஆகிறது.

அனுபவங்களை எழுதவேண்டும் என்று வரும்போதே ஒரு நோட்டு வாங்கி வந்தேன். இதுவரை ஆறு பக்கம் ஆகியிருக்கிறது. அதில் நாலு பக்கம் செலவுக் கணக்கு. மீதியைப் படித்துப் பார்த்தால் யூடியூபில் எல்லாரும் சொல்வதுதான் இருக்கிறது. பத்து மணி வகுப்பு பத்தேகாலுக்குத்தான் தொடங்கும். அது தெரியாமல் ஒன்பது ஐம்பதுக்கே போய்க் காலி அரங்கில் தனியாக உட்கார்ந்திருந்தேன். வகுப்பு முடிந்ததும் கைதட்டாமல் மேசையைத் தட்டுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கடைகள் கிடையாது. முதல் ஞாயிறு வீட்டில் அரிசி இல்லாமல் பிஸ்கட் தின்றேன். டிசம்பரில் நாலரைக்கே இருட்டிவிட்டது.

அப்பா வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கித்தான் அனுப்பியிருக்கிறார். விசாவுக்காகக் கணக்கில் முடக்கி வைக்கவேண்டிய தொகையே 11,904 யூரோ. அதிலிருந்து மாதம் 992 யூரோ கைக்கு வரும். இந்த மாநிலத்தில் எங்களைப் போன்றவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்டணம் வேறு. கடையில் எதை எடுத்தாலும் நூறால் பெருக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைக்கிறேன். உடன் படிப்பவர்கள் வாரக்கடைசியில் பாரிஸ், ப்ராக் என்று போகிறார்கள். நான் போகவில்லை. அம்மா வீடியோ காலில் "எங்கெல்லாம் சுத்திப் பாத்தே" என்று கேட்டால் ஆற்றங்கரையையும் கலர் கலரான வீடுகளையும் காட்டுகிறேன்.

இங்கே மனிதர்களோடு ஒட்டவே முடியவில்லை. சென்னை மேக்ஸ் முல்லர் பவனில் பி1 வரை படித்த ஜெர்மன், இவர்கள் பேசும் ஸ்வாபிய வழக்குக்கு உதவவில்லை. எல்லாவற்றுக்கும் "யா, கெனாவ்" (ஆமாம், சரிதான்) என்று சொல்லிச் சமாளிக்கிறேன். உடன் தங்கியிருக்கும் இருவரும் கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போயிருந்தபோது எங்கள் கதவில் யாரோ ஒரு மரப்பலகையை மாட்டியிருந்தார்கள். துடைப்பம் படம் போட்டு அழகாக இருந்தது. ஏதோ பண்டிகை வாழ்த்து என்று நினைத்துப் படம் எடுத்து ஸ்டேட்டஸும் வைத்தேன். இரண்டு வாரம் கழித்துக் கீழ்வீட்டு அம்மா மணியடித்து, படிக்கட்டைக் காட்டி வேகமாக ஏதோ சொன்னார். நான் "யா, கெனாவ்" என்றேன். அவர் முகம் இன்னும் கடுமையாகிவிட்டது. அப்புறம்தான் தெரிந்தது, அந்த வாரம் படி கூட்டவேண்டியது எங்கள் வீட்டு முறையாம். அன்று அழுதுவிட்டேன். விடுங்கள், அது சின்ன விஷயம்.

ஐரோப்பாவில் இருந்துகொண்டு எழுத ஒன்றுமே இல்லை என்று தோன்றுவது என் குறையா? எதைப் பார்க்கவேண்டும்?

ச.,
ட்யூபிங்கன்

*

அன்புள்ள ச.,

'விடுங்கள், அது சின்ன விஷயம்' என்று எழுதிவிட்டு நீங்கள் கேள்விக்குப் போய்விட்டீர்கள். என்னால் போக முடியவில்லை. ஸ்டேட்டஸ் வைத்த இடத்தில் சத்தமாகச் சிரித்தும்விட்டேன். மன்னியுங்கள்.

மேசை தட்டுவது, ஞாயிறு கடை இல்லாதது, கால்மணி கழித்துத் தொடங்கும் வகுப்பு எல்லாம் உண்மைதான். ஆனால் நீங்கள் கோவில்பட்டியிலேயே இருந்திருந்தாலும் அதையெல்லாம் எழுதியிருக்கலாம், நீங்களே சொல்கிற யூடியூப் தயவில். அந்த மரப்பலகை அப்படியில்லை.

அதன் பெயர் கேர்வோஹெ. கூட்டும் வாரம் என்று பொருள். ஸ்டுட்கார்ட், ட்யூபிங்கன் வட்டாரத்தில் ஒரே கட்டடத்தில் பல வீடுகள் இருந்தால் வாரம் ஒரு வீடு படிக்கட்டையும் நடையையும் கூட்டித் துடைக்கவேண்டும். முறை முடிந்ததும் பலகையை அடுத்த வீட்டுக் கதவில் மாட்டவேண்டும். இதில் சின்னது, பெரியது என்று இரண்டு உண்டு. சின்னது உள்ளே படிக்கட்டு. பெரியதில் வெளி நடைபாதையும் சேரும், பனி விழுந்தால் அதைத் தள்ளுவதும் சேரும். உங்கள் பல்கலைக்கழகத்தை 1477-ல் தொடங்கிய தாடிக்கார எபர்ஹார்ட் பிரபுவின் காலத்தில், 1492-ல் ஸ்டுட்கார்ட்வாசிகளுக்குப் போட்ட குப்பை ஆணையிலிருந்து வந்த வழக்கம் இது என்று அங்கே சொல்வார்கள். ஸ்டுட்கார்ட் நகராட்சி 1988-ல் தன் விதியிலிருந்து இதை எடுத்துவிட்டது. வீட்டுக்காரர்கள் எடுக்கவில்லை. வாடகை ஒப்பந்தத்தில் இன்னும் இருக்கிறது. உங்களுடையதிலும் இருக்கும், படித்துப் பாருங்கள்.

இதற்குத் தமிழில் சொல் தேடவேண்டியதில்லை. முறைவாசல் என்று நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. உங்கள் வயதுக்கு அந்தச் சொல் காதில் விழுந்திருக்குமோ என்னவோ, உங்கள் அம்மாவுக்குத் தெரிந்திருக்கும்.

எனக்கு எட்டு வயதில் நாங்கள் தஞ்சாவூரிலிருந்து மதுரைக்கு வந்தோம். ஒரு வாசல், உள்ளே ஆறு குடித்தனம். வாரத்துக்கு ஒரு வீடு விடியற்காலையில் வாசல் தெளித்துப் பெருக்கிக் கோலம் போடவேண்டும். கிணற்றடி கழுவுவதும் அதில் சேர்த்தி. இதை யாரும் அம்மாவிடம் சொல்லவில்லை. எங்கள் முறை வந்தது, இரண்டு நாள் வாசல் அப்படியே கிடந்தது. மூன்றாம் நாள் வீட்டுக்காரம்மா முற்றத்தில் நின்று, யாரையும் பார்க்காமல் ஓட்டுக்கூரையைப் பார்த்து, "சில பேருக்கு வாசல்னு ஒண்ணு இருக்கதே கண்ணுக்குத் தெரியாது போல" என்றார். அம்மா அன்று முழுக்க யாரோடும் பேசவில்லை. மறுநாள் நாலரைக்கே எழுந்து வாசலை அடைத்துப் பதினைந்து புள்ளியில் ஒரு சிக்குக்கோலம் போட்டு வைத்தார். கோபத்தில் போட்ட கோலம் என்பது எனக்கும் அப்பாவுக்கும் மட்டும் தெரியும். மூன்றாம் வீட்டு அக்கா ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் புள்ளி எண்ணி அதை வரைந்துகொண்டு போனாள். வாரக்கடைசியில் வீட்டுக்காரம்மா ஒரு கிண்ணத்தில் சுண்டவத்தக் குழம்போடு வந்து, "ஏன், தஞ்சாவூர்ப் பக்கம் முறைவாசல் கிடையாதா?" என்று கேட்டார். "எங்களுக்கு அங்க தனி வீடு" என்றார் அம்மா. பச்சைப் பொய். அங்கேயும் ஒண்டுக்குடித்தனம்தான், வாசல் தெளிக்க வீட்டுக்காரர் ஆள் வைத்திருந்தார், அவ்வளவுதான். அந்த வீட்டில் நாங்கள் பதினோரு வருஷம் இருந்தோம்.

கீழ்வீட்டு அம்மா உங்கள் மணியை அடித்ததை 'ஒட்ட முடியவில்லை' என்ற பத்தியில் வைத்திருக்கிறீர்கள். எனக்கு அது வேறு பத்தியில் இருக்கவேண்டியது என்று படுகிறது. விருந்தாளியிடம் யாரும் துடைப்பத்தை நீட்டுவதில்லை. இரண்டு வாரம் பொறுத்திருந்து, மாடி ஏறி வந்து, உங்கள் முகத்துக்கு நேரே கோபப்பட்டிருக்கிறார் என்றால் உங்களை அந்த வீட்டின் கணக்கில் சேர்த்துக்கொண்டுவிட்டார். அதே இடத்தில் ஒரு ஜெர்மன் பையன் இருந்திருந்தால் இன்னும் ஒரு வாரம் விட்டிருப்பாரோ, குரல் கொஞ்சம் தணிந்திருக்குமோ என்ற சந்தேகம் உங்களுக்கு இருந்தால் அதையும் நான் மறுக்கமாட்டேன். இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். எழுதும்போது இரண்டையும் வையுங்கள்.

நான் ட்யூபிங்கனில் இருந்தது இரண்டே நாள். பார்க்கவேண்டியவை என்று சொன்னதையெல்லாம் பார்த்தேன். நெக்கர் ஆற்றில் கழி ஊன்றித் தள்ளும் நீளப் படகில் போனேன். பழைய மாணவர் விடுதிச் சுவரில் 'இங்கே கோத்தே வாந்தி எடுத்தார்' என்று எழுதியிருப்பதைக் காட்டினார்கள். பக்கத்து வீட்டில் அந்தப் பெரிய ஜெர்மன் கவிஞர் தங்கியதற்குக் கல்வெட்டு இருக்கிறது, அதற்குப் போட்டியாக மாணவர்கள் செய்த குறும்பு. ஆற்றோரம் மஞ்சள் கோபுரத்தில் கவிஞர் ஹோல்டர்லின் மனம் கலங்கிய பிறகு 36 வருஷம் இருந்த அறையையும் பார்த்தேன். மருத்துவமனையில் மூன்று வருஷம்கூடத் தாங்கமாட்டார் என்று சொல்லி 1807-ல் அனுப்பிவிட்டார்கள். ஸிம்மர் என்ற தச்சர் தன் வீட்டில் வைத்துக்கொண்டார். கடைசிக் காலத்தில் ஹோல்டர்லின் 'பல்லக்ஷ்' என்று ஒரு சொல்லைச் சொல்வாராம். எந்த மொழியிலும் இல்லாத சொல். சில நேரம் ஆமாம், சில நேரம் இல்லை என்று அதற்கு அர்த்தம். உங்கள் 'யா, கெனாவ்' அந்த ஊருக்குப் புதிதல்ல!

இவ்வளவு பார்த்தும் அந்த ஊரில் யார் எந்த வாரம் படி கூட்டுகிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

உங்கள் பாடத்துக்காரர் ஒருவரையும் சொல்லிவிடுகிறேன். மேலே கோட்டைக்குப் போயிருக்கிறீர்களா? பழைய அரண்மனைச் சமையலறையை 19-ஆம் நூற்றாண்டில் ஆய்வுக்கூடமாக்கி வைத்திருந்தார்கள். ஹொப்பே-சைலர் அதன் தலைவர். 1868-ல் ஸ்விட்சர்லாந்தின் பாசெலிலிருந்து ஃப்ரீட்ரிஷ் மீஷர் என்ற இளைஞர் அங்கே வந்தார். அவரும் வெளிநாட்டு மாணவர்தான். மருத்துவம் படித்தவர், காது சரியாகக் கேட்காததால் நோயாளிகளைப் பார்க்கும் வேலை சரிப்படாது என்று ஆய்வுக்கு வந்தார். பக்கத்து அறுவைசிகிச்சை மனையிலிருந்து சீழ் படிந்த கட்டுத்துணிகளை வாங்கிவந்து அலசுவார். அந்தச் சீழ் அணுக்களின் உட்கருவிலிருந்து 1869-ல் ஒரு பொருளைப் பிரித்தெடுத்து நியூக்ளியின் என்று பெயர் வைத்தார். இன்று அதை டி.என்.ஏ. என்கிறோம். ஹொப்பே-சைலருக்கு நம்பிக்கை வரவில்லை. தானே ஒருமுறை செய்து பார்த்த பிறகுதான் 1871-ல் அச்சிட்டார். அதற்குள் மீஷர் ஊரைவிட்டே போயிருந்தார். அங்கே அவர் இருந்த காலத்தை ஒரு நோட்டில் எழுதியிருந்தால் பெரும்பாலும் துணி அலசியது பற்றித்தான் இருந்திருக்கும். சமையலறை இப்போது அருங்காட்சியகத்தின் பகுதி. உங்கள் வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம், நூறால் பெருக்க அதிகம் இருக்காது.

செலவுக் கணக்குப் பக்கங்களைக் கிழித்துவிடாதீர்கள். வாங்கியதை மட்டும்தானே எழுதியிருப்பீர்கள்? எடுத்துப் பார்த்துக் கீழே வைத்ததையும் இனிமேல் எழுதுங்கள். என்ன பொருள், என்ன விலை, எத்தனை தடவை அந்த அலமாரிப் பக்கம் திரும்பிப் போனீர்கள். பாரிஸ் போய்வந்தவர்களிடம் அந்தப் பக்கங்கள் இருக்காது.

அம்மாவிடம் எப்போதும் ஆற்றைக் காட்டவேண்டாம். ஒருநாள் போனைத் திருப்பிப் படிக்கட்டைக் காட்டி, கேர்வோஹெ கதையை ஸ்டேட்டஸ் வைத்தது உட்பட முழுக்கச் சொல்லுங்கள். மரப்படியை ஈரத்துணியால் துடைக்கலாமா, ஓரத்து மண்ணை எப்படி எடுப்பது என்று அவர் கேட்பார். நீங்கள் அழுததைச் சொல்லாமலே கண்டுபிடித்தும்விடுவார்.

அப்புறம், உங்களுக்கு அடுத்த முறை யாருடையது? கீழ்வீட்டு அம்மாவுடையதாக இருந்தால், பலகையை அவர் கதவில் மாட்டும் முன் கடைசிப் படியின் மூலையை இன்னொரு தடவை பார்த்துவிடுங்கள். அவர் முதலில் அங்கேதான் பார்ப்பார்.